விடைகள் பல, நல்விடை எது?

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அரக்கோணம், திருத்தணி, புத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் ரேணிகுண்டா சந்திப்பு வருகிறது. தென்கிழக்கே அரக்கோணம், வடமேற்கே கடப்பை வழியாகக் குண்டக்கல், வடகிழக்கே காளத்தி வழியாகக் கூடூர், மேற்கே திருப்பதி வழியாகப் பாகாலா, காட்பாடி என நாற்றிசையிலும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. திருப்பதிக்குரிய விமான நிலையமும் இவ்வூரிலேயே உள்ளது. எனவே, இந்நாட்டில் வழி கேட்போர் மிகுந்த ஊர்களுள் ரேணிகுண்டாவும் ஒன்று எனலாம்.

வடநாட்டிலிருந்து வரும் தமிழ்க் குடும்பம் ஒன்று இங்கே இறங்கி, "திருப்பதிக்கு எப்படிப் போவது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் "அடுத்த ரயில் வரும்வரை இருங்கள்" என்பார். மற்றொருவர் "பேருந்துதான் மலிவு" என்பார். மூன்றாமவர் "நால்வர் இருக்கிறீர்கள், ஆட்டோவே மேல்" என்பார். நான்காமவர் "இந்நேரம் மலைக்குச் சென்று பயனில்லை, இரவு தங்கிக் காலையில் புறப்படுங்கள்" என்பார். நான்கு விடைகளில் எதையும் பொய் என்று தள்ள இயலாது. ஆயினும், அக்குடும்பம் செல்லக்கூடியது ஒரு வழியில்தான். முதியவரும் மூட்டையும் உடன் இருந்தால் ஒரு விடை நன்று. கையில் காசு குறைவாயின் வேறொன்று நன்று. குறித்த நேரத்துத் தரிசனச் சீட்டு இருப்பின் பிறிதொன்று நன்று. ஆகவே, சிறந்த விடை என்பது உண்மையான விடை என்பதோடு நின்றுவிடுவதில்லை. கேட்டவருடைய நிலைக்குப் பொருந்துவதாகவும் அது இருத்தல் வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இது சிறு செய்தி அன்று. சொந்த ஊரில் ஒருவர் சொல்வதைக் கேட்கும்போதே அவரை எடைபோட்டுவிடுகிறோம். இவர் மிகைப்படுத்துவார், அவர் பார்த்ததை மட்டுமே சொல்வார் என்பது இளமைமுதல் நாம் அறிந்தது. புது ஊரிலோ சொல்வோர் யாவரும் புதியவர்கள். குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை என ஒவ்வொன்றுக்கும் யாரையேனும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டால் விடை கிடைக்காமற் போவதில்லை. வேண்டிய அளவுக்கு மேலாகவே கிடைக்கிறது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில்தான் இடர் தோன்றுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. விடை தெரியாமையால் அன்றோ ஒருவர் கேட்கிறார்? விடை தெரியாதவர் வந்த விடைகளுள் சிறந்தது எது என்று எவ்வாறு தீர்ப்பளிக்க முடியும்? இதனைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். அவர்கள் காட்டிய வழியையும், பிற்கால அறிவியலார் கண்ட சில உண்மைகளையும் இன்று சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் வினாவை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கயிறோ, பாம்போ என இரண்டுக்கு இடையே தடுமாறிக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்று வாங்கும் பொருட்டுக் கேட்பது கொளல் வினா. "உனக்குச் சட்டை இல்லையா?" என்று கொடுக்கும் பொருட்டுக் கேட்பது கொடை வினா. "சாப்பிட்டாயா?" என்று கேட்டுச் சாப்பிடச் செய்வது போன்றது ஏவல் வினா.

இப்பகுப்பு நமக்கு நல்லதோர் எச்சரிக்கை தருகிறது. நாம் கேட்பது எவ்வகை வினா என்பதை நாமே முதலில் தெளிதல் வேண்டும். ஒருவர் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பத்துப் பேரிடம் கேட்கிறார். ஒன்பதின்மர் மறுக்கின்றனர், ஒருவர் ஒப்புகிறார். "இவரே அறிந்தவர்" என்று அந்த ஒருவரைக் கொண்டாடுகிறார். இவர் கேட்டது அறியா வினாவும் அன்று, ஐயவினாவும் அன்று. தம் கருத்துக்குத் துணை தேடியதே ஆகும். இத்தகையவர்க்கு எத்தனை நல்ல விடை வந்தாலும் பயன் இல்லை. மேலும், "ரேணிகுண்டாவில் வாடகை எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்டால் விடையும் பொதுவாகவே வரும். "ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், இரண்டு அறை உள்ள வீட்டுக்கு" என்று வரையறுத்துக் கேட்டால், விடை சொல்வோரும் தெரிந்ததைச் சொல்வர். தெரியாதவர் தாமே விலகிக்கொள்வர். வினா கூர்மையானால் தேர்வில் பாதி முடிந்தது எனலாம்.

இனி விடைக்கு வருவோம். நன்னூல் விடையை எட்டாகப் பகுக்கிறது. "வழி எது?" என்றால் "இது" என்று காட்டுவது சுட்டு. "இந்த வேலையைச் செய்வாயா?" என்றால் "மாட்டேன்" என்பது மறை, "செய்வேன்" என்பது நேர்விடை. இம்மூன்றும் வினாவுக்கு நேராக வரும் விடைகள். அதே வினாவுக்கு "நீயே செய்" என்பது ஏவல், "செய்யாமல் இருப்பேனா?" என்பது வினாவுக்கு வினாவே விடையாவது. "கை வலிக்கிறது" என்று தமக்கு நேர்ந்ததைக் கூறுவது உற்றது உரைத்தல். "கை வலிக்கும்" என்று நேரப்போவதைக் கூறுவது உறுவது கூறல். "வேறொரு வேலையைச் செய்து தருகிறேன்" என்று அதற்கு இனமான ஒன்றைச் சொல்வது இனமொழி. இவ்வைந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்துவன.

நாம் அன்றாடம் பெறும் விடைகளை இந்த எட்டில் வைத்துப் பாருங்கள். "இந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை மனு வாங்குகிறார்கள்?" என்று கேட்கிறோம். "நான் போனபோது மூன்று முறை அலைய விட்டார்கள்" என்கிறார் ஒருவர். இது உற்றது உரைத்தல். அவருக்கு நேர்ந்தது உண்மையே. ஆனால் கிழமை தெரியவில்லை. "நீங்கள் போனாலும் அலையத்தான் போகிறீர்கள்" என்கிறார் மற்றவர். இது உறுவது கூறல். இதிலும் கிழமை இல்லை. "அங்கே போவானேன்?" என்பது வினாவுக்கு வினா. "பக்கத்துத் தபால் நிலையம் சனிக்கிழமையும் திறந்திருக்கும்" என்பது இனமொழி. இவற்றுள் சில ஆறுதல் தரலாம், சில சுவையாக இருக்கலாம். எனினும் கேட்டதற்கு நேரான விடை எது என்று முதலில் பிரித்து வைக்கவேண்டும். குறிப்பு விடைகள் யாவும் வீண் என்பது இதன் பொருள் அன்று. ஒருவர் பட்ட அனுபவம் பல வேளைகளில் சட்டப்புத்தகத்தைவிடப் பயன்படும். ஒருவருக்கு ஒருமுறை நேர்ந்ததை எல்லோர்க்கும் எப்போதும் நேரும் விதியாகக் கொள்ளாதிருந்தால் போதும்.

அடுத்து, தேர்பவர் எத்தகையவராக இருக்கவேண்டும் என்பதைப் பார்ப்போம். இதற்குத் தமிழில் இறையனார் களவியல் உரையின் வரலாற்றைவிடச் சிறந்த கதை இல்லை. பாண்டிய நாட்டில் பன்னீராண்டு பஞ்சம் வந்து, புலவர்கள் சிதறிப்போயினர். மழை பெய்தபின் அரசன் அவர்களைத் தேடினான். எழுத்தும் சொல்லும் வல்லவர் கிடைத்தனர். பொருளிலக்கணம் வல்லவர் கிடைக்கவில்லை. மதுரை ஆலவாய்க் கோயிலில் இறைவனின் பீடத்தின் கீழ் அறுபது சூத்திரங்கள் செப்பேட்டில் கிடைத்தன. அவற்றுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை செய்தனர். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்றனர். நூல் ஒன்று, உரை நாற்பத்தொன்பது. இதற்கு நடுவர் யார்?

உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், பேச்சில்லாதவன், நடுவனாக அமர்த்தப்பட்டான். புலவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தம் உரையைப் படித்தனர். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் சிறுவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் படித்தபோது சொல்தோறும் அவ்வாறாயினான். நக்கீரர் உரையே மெய்யுரை என எல்லோரும் ஏற்றனர். இதுவே அவ்வுரையின் தொடக்கத்தில் சொல்லப்படும் வரலாறு.

இதனைத் தெய்வக் கதை என்று கொள்வாரும் உளர், கற்பனை என்பாரும் உளர். எவ்வாறாயினும் நடுவரைப் பற்றி இக்கதை கூறும் கருத்து ஆராயத்தக்கது. அச்சிறுவன் நாற்பத்தொன்பது புலவரைவிடக் கற்றவன் அல்லன். ஆயினும் அவனிடம் நான்கு தகுதிகள் இருந்தன. போட்டியில் அவனுக்கு உரை இல்லை. ஆதலால் எந்த விடை வென்றாலும் அவனுக்கு ஆதாயமோ இழப்போ இல்லை. பேச்சில்லாதவன் ஆதலால் இடையில் தன் கருத்தைப் புகுத்தவில்லை. முதலில் படித்தவரை மெச்சிவிட்டு எழுந்து போகவில்லை. எல்லா உரையையும் இறுதிவரை கேட்டான். நான்காவது, முழுதும் நன்று அல்லது முழுதும் தீது என்று வெட்டிப் போடாமல், இளநாகனார் உரையில் சிறந்த இடங்களுக்கும் உரிய மதிப்பைத் தந்தான். முதலில் வந்த விடையையே பற்றிக்கொள்வதும், உரத்துச் சொன்னவர்க்கு இணங்குவதும், ஒரு விடையில் ஒரு பிழை கண்டதும் அதனை முழுதும் எறிந்துவிடுவதும் நம்மிடம் உள்ள குறைகள் அன்றோ?

நக்கீரரைப் பற்றிய மற்றொரு கதையும் நம் நினைவுக்கு வருகிறது. தருமி என்னும் ஏழைக்காக இறைவனே எழுதித் தந்ததாகச் சொல்லப்படும் பாடல், இன்று குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக உள்ளது. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதில் நக்கீரர் குற்றம் கண்டார். எழுதியவர் யார் என்று தெரிந்த பின்னும் தம் கருத்தை விடவில்லை. அதனால் துன்புற்று, பின்னர்க் காளத்தியில் இறைவனை வழிபட்டுத் தேறினார் என்பது மரபு. பதினோராம் திருமுறையில் உள்ள கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி நக்கீரதேவ நாயனார் பெயரில் வழங்குகிறது. இவரும் சங்க நக்கீரரும் ஒருவரா, வேறு வேறா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் காளத்தி, ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் பாதையில் சிறிது தொலைவிலேயே இருக்கிறது. சொன்னவர் பெருமையைக் கொண்டு சொன்ன பொருளை அளக்கலாகாது என்பது இக்கதையின் ஒரு பாடம். வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், சொல்பவர் யாராயினும் சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்கிறார்.

"அவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பெரும்பாலோர் சொல்வதைக் கொண்டால் போதாதா?" என்று சிலர் வினவலாம். சில வேளைகளில் போதும். 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி வைத்தனர். கொழுத்த எருது ஒன்றை நிறுத்தி, அதனை வெட்டித் துப்புரவாக்கியபின் எடை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். 787 மதிப்பீடுகளை பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பின்னர் ஆராய்ந்தார். அவற்றை வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற மதிப்பீடு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தின் அறிவு இங்கே ஏன் பலித்தது? போட்டியில் கலந்தவருள் பலர் இறைச்சிக் கடைக்காரரும் உழவரும் ஆவர்; எருதைக் கண்ணால் கண்டவர்கள். நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸ் இருந்ததால் விளையாட்டாக எழுதுவோர் குறைந்தனர். அனைத்தினும் மேலாக, ஒவ்வொருவரும் தனித்தனியே சீட்டில் எழுதினர். ஒருவர் கூட்டியதும் மற்றவர் குறைத்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்தன. இந்நிலைமைகள் இல்லாத இடத்தில் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலார் அமெரிக்காவில் செய்த சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சில கோடுகளைக் காட்டி, குறித்த கோட்டுக்கு எது சமம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்தோர், ஒருவர் நீங்கலாக, அவர் முன்பே சொல்லி வைத்த ஆட்கள். அவர்கள் யாவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். அதைக் கேட்ட அந்த ஒருவர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை, தம் கண்ணையே நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். முதலில் ஒருவர் சொல்ல, அதையே பத்துப் பேர் எதிரொலித்தால், அது பதினொரு விடை ஆகாது, ஒரே விடைதான். ஆகையால், பலர் ஒன்றையே கூறும்போது, "இவர்கள் தனித்தனியே கண்டறிந்தார்களா, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டார்களா?" என்று வினவுதல் வேண்டும்.

பெரும்பான்மை பிழைபட்டால் உயிருக்கே கேடு நேரும் இடமும் உண்டு. சேஷாசல மலையடிவாரத்து வயல்களிலும் புதர்களிலும் வேலை செய்வோர்க்குப் பாம்புக்கடி புதிதன்று. ஒருவரைப் பாம்பு தீண்டினால் சுற்றிலும் கூடுவோர் விடைகளைப் பொழிவர். "இறுகக் கட்டு" என்பார் ஒருவர். "கீறி இரத்தத்தை வெளியேற்று" என்பார் ஒருவர். "வாயால் உறிஞ்சு" என்பார் ஒருவர். "மந்திரிப்பவரிடம் கொண்டுபோ" என்பார் வேறொருவர். "அசையாமல் படுக்க வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்பவர் பல வேளைகளில் தனி ஒருவராகவே இருப்பார். அவர் சொல்வதே சரி. இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கு விளைப்பன. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒருங்கே எதிராகும் முறிமருந்து நம் நாட்டில் உண்டு. அதனை மருத்துவமனையில்தான் செலுத்த முடியும். 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் அவசர ஊர்தி வரும். 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் எத்தனையோ பேரைச் சூழ்ந்தும் விடைகள் வந்திருக்கும். நல்ல விடையைத் தேரும் நேரம் கடந்திருக்கும். எனவே, உயிர் பற்றிய விடைகளை இடர் வருமுன்பே தேர்ந்து, வீட்டார் அனைவரும் அறிய வைத்திருத்தல் கடமையாகும்.

ஒரு காலத்தில் மெய்யாக இருந்த விடை, காலம் மாறியபின் பொய்யாகிவிடுவதும் உண்டு. வேற்று மாநிலத்துத் தொழிலாளி ஒருவர், "என் ஊர்க் குடும்ப அட்டையைக் கொண்டு இங்கே அரிசி வாங்கலாமா?" என்று கேட்கிறார். "வாங்க இயலாது" என்பது முன்னாளில் சரியான விடை. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2019இல் தொடங்கி, 2022 ஜூன் மாதத்தில் எல்லா மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர், ஆதார் வழியாகத் தம்மை மெய்ப்பித்து, வேறு மாநிலத்துக் கடையிலும் தமக்குரிய தானியத்தைப் பெறலாம். இங்கே இன்னொன்றையும் நோக்குக: அச்சட்டத்தின் கீழ் வராத அட்டைக்கு இவ்வசதி இல்லை. ஆகவே "வாங்கலாம்" என்று மட்டும் சொன்னவரின் விடையும் குறையுடையதே. "இன்ன ஆண்டு முதல், இன்ன அட்டைக்கு" என்று எல்லை வகுத்துச் சொன்னவரின் விடைதான் நிறைவானது.

வாக்காளர் பட்டியலும் அவ்வாறே. ஒரு தொகுதியிலிருந்து மற்றொரு தொகுதிக்குக் குடிபெயர்ந்தவர் ஆறாம் படிவம் தரவேண்டும் என்பது பழைய முறை. 2022 ஆகஸ்டு முதல் அது எட்டாம் படிவமாக மாறியது. பழைய விடையைச் சொல்பவர் ஏமாற்றுபவர் அல்லர். தாம் பெயர்ந்த காலத்தில் செய்ததையே நன்மனத்துடன் சொல்கிறார். ஆதலால், "இது தங்களுக்கு எப்போது நடந்தது?" என்று பணிவோடு கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

மொழியால் வரும் மயக்கமும் ஒன்றுண்டு. இதனைத் தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர் நன்கு அறிவர். தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அதே ஒலியுடைய சொல்லுக்குத் தேவை என்பது பொருள். அலுவலர் ஒருவர் ஒரு சான்றிதழைப் பார்த்து "அவசரம் லேது" என்கிறார். "இது தேவையில்லை" என்பது அவர் கருத்து. புதிதாக வந்த தமிழரோ, "விரைவில்லை, பிறகு கொடுக்கலாம்" என்று கொண்டு, அதே தாளைத் தூக்கிக்கொண்டு மறுவாரமும் வருகிறார். வழி கேட்குமிடத்தில் "குடி" என்றால் வலப்பக்கம். தமிழ்க் காதுக்கு அது வேறு பொருள் தரும். விடையை எடைபோடுமுன், விடை இன்னதென்று நாம் விளங்கிக்கொண்டோமா என்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். விடை சொன்னவர் "ஆம்" என்று தலையசைத்த பின்னரே அதனை அவர் விடையாகக் கொள்ளவேண்டும்.

தனி மனிதர் வினாவுக்கே இத்தனை கவனம் வேண்டுமாயின், ஊர்கள் பல சேர்ந்த வினாவுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்! அதற்கும் இப்பகுதியிலேயே சான்று உண்டு. வேங்கடமலையே வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நாட்டுக்கு எல்லை கூறுகிறது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அமைந்தது. இம்மாவட்டத்தின் பகுதிகள் எம்மாநிலத்தைச் சேரவேண்டும் என்ற வினா எழுந்தது. தமிழர் தரப்பில் ம. பொ. சிவஞானம் வட எல்லைக் கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார். பழைய இலக்கியத்தைக் காட்டினோர் ஒருபுறம், ஆட்சி வசதியைக் காட்டினோர் ஒருபுறம், மக்கள் பேசும் மொழியைக் காட்டினோர் ஒருபுறமாக விடைகள் குவிந்தன. எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார்.

கிராமத்தை அலகாகக் கொள்வது, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சி அறுபடாமல் இருப்பது ஆகியவற்றை அளவுகோலாக வைத்து எல்லை வகுக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திரத்தில் சேர்ந்தன. திருப்பதியும் ரேணிகுண்டாவும் ஆந்திரத்திலேயே நின்றன. இம்முடிவு எல்லோர்க்கும் மனநிறைவு தந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இரு மாநிலமும் அதனை ஏற்று நடந்து வருகின்றன. அதற்கு ஒரு காரணம், முடிவுக்கு அடிப்படையான அளவுகோல் எல்லோர்க்கும் தெரியும்படி இருந்தமை. அளவுகோல் வெளிப்படையாக இருந்தால், தோற்றவரும் ஏன் தோற்றோம் என்பதை அறிவர். விடைகளைக் கேட்டபின் விரும்பிய விடைக்கேற்ப அளவுகோலை வளைத்தால், வென்றவர்க்கும் அதில் மதிப்பில்லை.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். தொடக்கத்தில் ஒரு சிக்கலைச் சொன்னோம். விடை தெரியாதவர் சிறந்த விடையை எவ்வாறு அறிவது? பொருளை அறியாதவரும் காணக்கூடிய அடையாளங்கள் சில உள்ளன. கேட்டதற்கு நேராக விடை வந்ததா? காரணம் காட்டப்பட்டதா? சொன்னவர் தாமே கண்டாரா, கேட்டுச் சொல்கிறாரா? எந்தக் காலத்துக்கும் எந்த நிலைக்கும் பொருந்தும் என்று எல்லை சொன்னாரா? "இவ்வளவுதான் எனக்குத் தெரியும், மேற்கொண்டு இன்னாரைக் கேளுங்கள்" என்று சொல்லும் நேர்மை இருந்ததா? நாம் அவ்விடையை ஏற்பதால் அவருக்குத் தரகோ ஆதாயமோ உண்டா? இவற்றைக் கண்டறியப் பெரும்புலமை வேண்டுவதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

இத்தனைக்குப் பின்னும் இரண்டு விடைகள் சமமாக நின்றால், எது பிழைத்தால் இழப்புக் குறைவோ அதனை முதலில் செய்து பார்க்கலாம். பேருந்தா, ஆட்டோவா என்பதில் தவறினால் சில ரூபாயும் சிறிது நேரமும் போகும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். நிலம் வாங்க முன்பணம் கொடுப்பதோ, நோயாளிக்கு மருந்து கொடுப்பதோ அவ்வாறு திரும்பப் பெறக்கூடியது அன்று. அங்கே விடை எத்துணை இனிதாயினும், உரிய அலுவலகத்தையோ மருத்துவரையோ கேட்டு உறுதி செய்யாமல் அடியெடுத்து வைக்கலாகாது.

இறுதியாக, விடையைத் தேர்ந்தவர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் தேர்ந்து நடந்த விடை அவரோடு நிற்பதில்லை. அடுத்து அவ்வூருக்கு வரும் தமிழ்க் குடும்பம் அவரைத்தான் கேட்கப்போகிறது. நக்கீரர் உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு வந்து, முசிறி நீலகண்டனாரை அடைந்தது என்று அந்நூல் கூறுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் பெற்றதைப் பிழையின்றிக் கொடுத்தமையால் அன்றோ அது நமக்குக் கிடைத்தது? அதுபோல, நாம் பெற்ற விடை பலித்ததா, பிழைத்ததா, எந்த ஆண்டில், எந்த நிலையில் என்பதையும் சேர்த்தே அடுத்தவர்க்குச் சொல்லவேண்டும். பலித்தால் முதலில் சொன்னவர்க்கு நன்றி கூறுவதும், பிழைத்தால் சினமின்றி அவர்க்குத் தெரிவிப்பதும் நன்று; அவரும் தம் விடையைத் திருத்திக்கொள்வார். வேற்றூரில் நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவிகளுள், ஆராய்ந்து தேர்ந்த ஒரு நல்விடையைக் கொடுப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. அதன் பயனோ பல குடும்பங்களைச் சென்று சேரும்.